இடது ஷூவில் ஒரு லாந்தர்

தொலைபேசி அடித்தது.

லொரெய்ன் கூபியாக் எடுக்கவில்லை.

சனிக்கிழமை காலை. கோர்லி ஊர் முழுக்க ஹோம்கமிங் திருவிழா. பழைய மாணவர்கள் தொப்பையும் பழைய ஜெர்ஸியுமாக ஒஹாயோவின் நாலா மூலையிலிருந்தும் வந்து இறங்குகிற நாள். இந்த நாளில் காபிக்கு முன்னால் வருகிற போன் எதுவும் நல்ல போன் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

பல்கலைக்கழகத்தின் மாணவர் மன்றங்களுக்கும், பையன்கள் கூடி வசிக்கிற சகோதர இல்லங்களுக்கும், பெண்கள் வசிக்கிற சகோதரி இல்லங்களுக்கும் அவள் இயக்குநர். சொல்லிக்கொள்ளப் பெரிய உத்தியோகம். செய்வது என்ன?

சீஸ் ருசிக்கும் மன்றத்துக்கும் பாலே தொடாதவர்கள் மன்றத்துக்கும் ஒரே அறையைக் கொடுத்துவிட்டு நடுவில் நிற்பது. அணில் பார்க்கும் மன்றத்தில் ஒருத்தியை அணில் கடித்தால் யார் பொறுப்பு என்று வக்கீலிடம் கேட்பது. கூரை மேல் ஏறிய சோபாக்களைக் கீழே இறக்குவது.

போன் மறுபடி அடித்தது. மறுபடியும்.

எடுத்தாள்.

"மேடம்... டோபி பேசறேன். லாந்தர் வீட்டுல இருந்து."

"சோபாவா?"

"இல்ல மேடம்."

"பக்கத்துப் பண்ணைக் குதிரையா?"

"மேடம்... நோலன் செத்துட்டார்."

லொரெய்ன் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

அன்று அவள் அதை மறுபடி எடுக்கவே இல்லை.

* * *

அந்த வீட்டின் நிஜப் பெயர் மூன்று கிரேக்க எழுத்து. யார் வாயிலும் நுழையாது. அவர்கள் சின்னம் ஒரு லாந்தர். அதனால் ஊருக்கே அது லாந்தர் வீடு.

நோலன் ப்ரூயிட் அந்த வீட்டின் பழைய பையன். இப்போது ஆலோசகர். ஒரு காலத்தில் பீப்பாயோடு குடித்தவர். நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. யாராவது கேட்டால் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

அந்த நோலன் இப்போது நிலவறைப் படிக்கட்டின் அடியில், கழுத்து இருக்கக் கூடாத கோணத்தில் கிடந்தார்.

விஸ்கி வாடை குப்பென்று அடித்தது.

"வாங்க மேடம்." பல்கலைக்கழகப் போலீஸ் சார்ஜென்ட் ட்வைட் ஹாஸ்கெட் நிமிர்ந்தார். முட்டி சொடக்கியது. "ராத்திரியே விழுந்திருக்கார். பசங்க எல்லாரும் ஊர்வல வண்டிக்குக் காகிதப் பூ ஒட்டப் போயிட்டாங்க. வீடு பூட்டியிருந்தது. காலையில இவன் வந்து பார்த்திருக்கான்."

இவன் என்றது டோபி ரென்னரை. வீட்டின் தலைவன். சோளப் பண்ணைக்காரர் மகன். அவன் குடும்பத்தில் காலேஜ் வாசலைப் பார்த்த முதல் ஆள். முகம் சுவர்ச் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது.

"சாவி யார் யார்கிட்ட?"

"என்கிட்ட ஒண்ணு. நோலன்கிட்ட ஒண்ணு. அப்புறம்... உங்க ஆபீஸ்ல ஒண்ணு மேடம்."

படிக்கட்டுச் சுவரில் வரிசையாகப் பழைய மாணவர் படங்கள். ஒவ்வொரு வருஷத்துப் பையன்களும் கோட்டு டையுடன், சின்னச் சின்ன வட்டத்துக்குள். நடுவில் ஓர் ஆணி மட்டும் தனியாக நின்றது.

"அது எங்க?"

"போன மாசம்தான் நோலன் கிடங்குல இருந்து எடுத்து மாட்டினார். அதை அந்தச் சகோதரி இல்லம் இருக்கே, மஞ்சள் வீடு, அந்தப் பொண்ணுங்க போன வாரம் தூக்கிட்டுப் போயிட்டாங்க மேடம். திருப்பி வேணும்னா அவங்க புல்தரையில போய் நின்னு பாடணும். பசங்க இன்னும் பாட்டு முடிவு பண்ணல."

லொரெய்ன் பெருமூச்சு விட்டாள். ஒரு வீட்டுப் படத்தை இன்னொரு வீடு திருடுவதும், பாட்டுப் பாடி மீட்பதும் இவள் வருவதற்கு முன்பிருந்தே நடக்கிற கூத்து. இதைப் பற்றிப் புகார் வாங்குவதையே அவள் விட்டுவிட்டாள்.

வாசலில் கார் நின்றது.

டாக்டர் ஆல்டன் மெரிக் இறங்கி வந்தார். மாணவர் விவகாரத் துணைத் தலைவர். லொரெய்னின் மேலதிகாரி. அடுத்த மாதம் பல்கலைக்கழகத் தலைவர் நாற்காலியில் உட்காரப் போகிறவர் என்று பேச்சு. நாற்காலிக்கு அளவெடுத்தது போல ஒரு கோட்டு. பாலிஷ் போட்ட, லேஸ் இல்லாத ஷூ.

உடலை எட்டி நின்று பார்த்தார்.

"பாவம். பழைய குடிகாரன். மறுபடி தொட்டிருக்கான். விழுந்திருக்கான்."

"இன்னும் எதுவும் தெரியாது டாக்டர்" என்றார் ஹாஸ்கெட்.

"மூக்கு இருக்கு இல்லியா சார்ஜென்ட்? லொரெய்ன், மத்தியானம் கூடாரத்துல பழைய மாணவர் விருந்து. அதுக்குள்ள ஒரு அறிக்கை கொடுத்துடுங்க. துயரமான விபத்து... அவ்வளவுதான்."

"வீட்டை மூடவா டாக்டர்?"

"மூடாதீங்க. எச்சரிக்கை மட்டும் போதும். நானும் இங்க படிச்சவன்தான். எந்த வீட்டுலயும் சேராம லைப்ரரியே கதின்னு கிடந்தவன். அதனாலதான் எனக்கு எந்த வீட்டு மேலயும் பாசமும் இல்ல, பகையும் இல்ல."

விலையைக் கடைக்காரனே இறக்கினால் சரக்கைப் புரட்டிப் பார்க்க வேண்டும். லொரெய்ன் அன்று புரட்டிப் பார்க்கவில்லை. அவளுக்குத் தூக்கம் போதவில்லை.

அவள் கண் நோலனின் மேல்சட்டையில் நின்றது.

கனமான நீலப் பருத்திச் சட்டை. நெஞ்சில் தைத்த எழுத்துகளின் முதுகுப்புறத் தையல் வெளியே தெரிந்தது. கழுத்துப் பட்டி வெளியே துருத்திக்கொண்டிருந்தது.

"திருப்பிப் போட்டிருக்கார்" என்றாள்.

"குடிச்சவன் சட்டையை எப்படிப் போட்டா என்ன?" டாக்டர் மெரிக் படியேறிப் போய்விட்டார்.

ஹாஸ்கெட் மட்டும் காதைத் தீட்டினார். "என்ன மேடம்?"

"இந்த வீடுகள்ல ஒரு சம்பிரதாயம். எழுத்து போட்ட சட்டையோட குடிக்கக் கூடாது. வீட்டுக்கு அவமானம். குடிக்கணும்னா கழட்டணும். இல்லன்னா திருப்பிப் போட்டுக்கணும். பொண்ணுங்க, பசங்க, எல்லா வீட்டுலயும்."

"அப்ப குடிக்கத்தான் திருப்பியிருக்கார்."

"அப்படித்தான் தெரியுது."

சொல்லிவிட்டு அவள் மேலே போனாள். அந்தச் சொல் அவள் பின்னாலேயே வரப் போகிறது என்று அப்போது தெரியவில்லை.

* * *

ஒரு மணி நேரத்தில் ஹாஸ்கெட் போன் செய்தார்.

"மேடம், ரத்தத்துல சொட்டு சாராயம் இல்ல."

"என்ன?"

"வாய்லயும் இல்ல. எல்லாம் சட்டை மேலதான். யாரோ தள்ளிவிட்டுட்டு, ஊத்தியிருக்காங்க. உள் பனியன் அக்குள்ல சுருண்டு கிடக்கு. செத்த பிறகு சட்டையைக் கழட்டி, திருப்பி, மறுபடி மாட்டியிருக்காங்க."

லொரெய்ன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

யோசித்துப் பாருங்கள். படியில் ஆளைத் தள்ளியாகிவிட்டது. எவன் வருவானோ என்று பயம். பாட்டிலைக் கவிழ்த்துவிட்டு ஓட வேண்டியதுதானே?

ஓடவில்லை. பிணத்தின் சட்டையைக் கழற்றித் திருப்பி மாட்டிய பிறகுதான் விஸ்கியைத் திறந்திருக்கிறான்.

ஆளைக் கொல்ல மனசு வந்தவனுக்கு, எழுத்தின் மேல் சாராயம் பட மனசு வரவில்லை!

"அப்ப..." என்றாள் மெதுவாக, "வீட்டு ஆள்தான் பண்ணியிருக்கான்."

"அதேதான் மேடம். நீங்க சொன்ன சம்பிரதாயம்தான் கை கொடுத்தது. டோபியைப் பிடிச்சுட்டோம். இன்னிக்கு நடக்க இருந்த பியர் பார்ட்டியை நோலன் ரத்து பண்ணியிருக்கார். நேத்து சாயங்காலம் ரெண்டு பேருக்கும் பெரிய சண்டை. பையன்கிட்ட சாவி இருக்கு. எங்க இருந்தேன்னு கேட்டா, கார்ல உட்கார்ந்து அழுதுட்டு இருந்தேங்கறான். சாட்சி அவன் கர்சீப்தான்."

"ட்வைட், அந்தப் பையன்..."

"திங்கட்கிழமை ஜட்ஜ் முன்னாடி நிறுத்துவோம். அதுவரைக்கும் மாவட்டச் சிறை."

போன் வைக்கப்பட்டது.

லொரெய்ன் சுவரைப் பார்த்தாள். டோபியை அவளுக்குத் தெரியும். வீட்டில் ஒரு விளக்கு எரியாவிட்டாலும் மனு எழுதிக் கொண்டுவருகிற ஜாதி. திங்கட்கிழமை வரை சிறையில் இருந்தால் உதவித்தொகை போகும். அது போனால் படிப்பு போகும். அதற்குப் பிறகு நிரபராதி என்று தெரிந்தால் யாருக்கு என்ன லாபம்?

அவனை மாட்டிவிட்டது வேறு யாருமில்லை. இவள் வாய்தான்.

* * *

கதவு தட்டப்பட்டது.

நரைத்த தலை. கறுப்புக் கோட்டு. கையில் ஒரு சின்னக் கைப்பை. "நோலன் ப்ரூயிட்டைப் பார்க்கணும். இங்க வரச் சொன்னார். நான் மார்த்தா வோஸ்."

லொரெய்ன் உட்கார வைத்துச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. இந்த வேலையில் அதற்குத் தெம்பு மிஞ்சுவதில்லை.

அந்த அம்மா கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"என் பையன் ஜேமியும் அதே நிலவறையிலதான் செத்தான்" என்றார். "புதுசா சேர்ந்த பையன். ஒரு முழு பாட்டிலை நிறுத்தாம குடிக்க வச்சாங்க. அவனாக் குடிச்சான்னு எல்லாரும் ஒரே மாதிரி சொல்லிட்டாங்க. நோலனும்தான்."

"இப்ப எதுக்கு வரச் சொன்னார்?"

"குடியை விட்டவங்க, தாங்க கெடுத்தவங்களைத் தேடிப் போய் மன்னிப்பு கேட்கணுமாம். அது அவங்க வழக்கமாம். போன்ல அழுதார்மா. 'பாட்டிலை ஜேமி கையில திணிச்சது யாருன்னு நேர்ல சொல்றேன். அவன் இப்ப பெரிய இடத்துல இருக்கான். அவனுக்கும் சொல்லிட்டேன்'னார்."

"பேரு?"

"நேர்ல சொல்றேன்னுட்டார்."

லொரெய்ன் அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

ஜேமி செத்தது இவள் இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால். டோபி அப்போது பிறக்கவே இல்லை.

ஹாஸ்கெட்டை அழைத்தாள். "நோலன் பொருள் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு வாங்க."

"எதுக்கு மேடம்? எனக்கு ஊர்வலத்துல..."

"வாங்கன்னா வாங்க ட்வைட்."

வந்தார். பிளாஸ்டிக் பைகளை மேஜையில் பரப்பினார். பர்ஸ், கைக்கடிகாரம், சாவிக் கொத்து, ஷூ. ஒரு தனி உறையில் சின்னத் தங்க லாந்தர். சட்டையில் குத்துகிற பின்.

"இது சட்டையில இருந்ததா?"

"இல்ல. இடது ஷூக்குள்ள. கீழே விழுந்து உள்ளே போயிருக்கும்னு..."

"சிறைக்குப் போன் போடுங்க. டோபிகிட்ட ஒரே ஒரு கேள்வி. குடிக்கும்போது லாந்தர் பின்னை என்ன பண்ணுவாங்க?"

ஹாஸ்கெட் முறைத்தார். ஆனாலும் போட்டார். கேட்டார். பதிலை வாங்கி நீட்டினார்.

"மேஜை டிராயர்ல வச்சுப் பூட்டுவோம்ங்கறான். ஷூவுல வைப்பீங்களான்னு கேட்டா, 'அதுக்கு எதுக்கு சார் அந்த வேண்டுதல்'ங்கறான்."

லொரெய்ன் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அந்த வீட்டை ஒரு தடவை நானே மூடினேன் ட்வைட். முதல் மாடியில நீச்சல் குளம் கட்டறேன்னு தண்ணி ரொப்பி, தரையோட கீழே வந்துட்டானுங்க. பத்து வருஷத்துக்கு மேல பூட்டிக் கிடந்தது. இப்ப இருக்கறவங்க புதுசா ஆரம்பிச்ச பசங்க. தலைமையகம் கொடுத்த கையேட்டைப் படிச்சு சகோதரர் ஆனவங்க. பழைய பசங்க வேற ஜாதி. குடிக்கறதுக்கு முன்னாடி பின்னைக் கழட்டி இடது ஷூவுல போடுவாங்க. குத்தும். நொண்டி நொண்டி நடப்பாங்க. லாந்தர் பையன் நொண்டினா குடிச்சிருக்கான்னு அர்த்தம். அந்த வழக்கம் பழைய பசங்களோட போயிடுச்சு."

"அப்ப பண்ணினது பழைய ஆளு." ஹாஸ்கெட் ஜன்னலைப் பார்த்தார். வெளியே பேண்டு வாத்தியம். தெரு முழுக்கத் தொப்பைகள். "மேடம், இன்னிக்கு ஊர்ல பழைய ஆளைத் தவிர வேற யாரும் இல்லையே."

"சாவி வச்சிருக்கற பழைய ஆளு யாரு?"

"டோபி, நோலன், உங்க ஆபீஸ்..."

அவர் நிறுத்தினார்.

லொரெய்னும் அப்போதுதான் நினைத்தாள். நேற்று மத்தியானம். டாக்டர் மெரிக் அவளிடம் வந்து சாவியை வாங்கிப் போனார். 'பெற்றோர் வர்றாங்க. தீ எச்சரிக்கை மணி அடிக்குதான்னு பார்க்கணும்.'

ஒரு துணைத் தலைவர் தானே போய் மணி அடித்துப் பார்ப்பாரா? அவள் யோசிக்கவில்லை. ஒரு வேலை குறைந்ததே என்று கொடுத்துவிட்டாள்.

"ஆனா அவர் எந்த வீட்டுலயும் இல்லேன்னாரே" என்றார் ஹாஸ்கெட்.

"ஆமா. நாம கேட்காமலே சொன்னார்."

* * *

பழைய மாணவர் கூடாரம். பன்றி இறைச்சி வாடை. லாந்தர் வீட்டின் பழைய ஆட்கள் ஒரு பக்கமாக நின்றார்கள். நெஞ்சில் தங்க லாந்தர், முகத்தில் துக்கம், கண் மட்டும் பாட்டில் பக்கம்.

டாக்டர் மெரிக் மேடையில் இரங்கல் பேசி முடித்தார். அழகாகப் பேசினார். மார்த்தா வோஸ் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

லொரெய்ன் மேடையேறினாள். கையில் ஒரு லாந்தர் பின்.

"டாக்டர், வெளி ஆளுக்கு இதைக் குத்தற வழக்கம் இல்ல. இருந்தாலும் இன்னிக்கு ஒரு நாள்... நோலன் நினைவா."

"எனக்கு எதுக்கு லொரெய்ன்?"

"எல்லாரும் பார்க்கறாங்க டாக்டர்."

குத்திவிட்டாள். பரிமாறுகிறவன் எல்லார் கையிலும் விஸ்கி கொடுத்தான். டாக்டர் கையிலும்.

"நோலனுக்காக" என்றாள் லொரெய்ன்.

அடுத்த கணம் கூடாரத்தில் விசித்திரமான காட்சி. லாந்தர் வீட்டுக் கிழவர்கள் அத்தனை பேரும் கோப்பையை இடது கைக்கு மாற்றினார்கள். வலது கை நெஞ்சுக்குப் போனது. பின்னைக் கழற்றினார்கள். முனகிக்கொண்டு, தொப்பையை ஒதுக்கிக்கொண்டு, ஒரே ஆளாகக் குனிந்தார்கள். இடது ஷூ.

மேடையிலும் ஒருவர் குனிந்தார்.

பாதி குனிந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. விரல் நுனியில் லாந்தர். குதிகாலுக்கு ஒரு சாண் மேலே.

அப்படியே நின்றார்.

"என்ன டாக்டர், லேஸ் கட்டறீங்களா?" ஹாஸ்கெட் மேடை ஓரத்திலிருந்து கேட்டார். "உங்க ஷூவுல லேஸே இல்லியே."

முன்வரிசைக் கிழவர் ஒருவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "டேய்... ஆல்டியா நீ? முடியெல்லாம் எங்கடா போச்சு?"

கிழவர்கள் எல்லாரும் மேடைப் பக்கம் திரும்பினார்கள்.

டாக்டர் மெரிக் நிமிர்ந்தார். முகத்தில் வியர்வை. ஆனால் குரல் கலையவில்லை. அந்த விஷயத்தில் அவர் தேர்ந்த வியாபாரிதான்.

"எல்லாரும் குனிஞ்சாங்க. மரியாதைக்கு நானும் குனிஞ்சேன். இதுக்கு எந்த ஊர்ல விலங்கு மாட்டறாங்க சார்ஜென்ட்? இவர் பாவம், வயசானவர். ஆளை மாத்திப் பார்க்கறார்."

"நேத்து சாவி..."

"மணி பார்த்தேன். அடிச்சது. வந்துட்டேன். நான் அந்த வீட்டு ஆள்னு காட்ட ஒரு படம் கொண்டு வாங்க. பதில் சொல்றேன். நீங்க கொண்டு வர மாட்டீங்க."

"ஏன் டாக்டர்?"

"அந்த வருஷத்துப் படமே சுவர்ல இல்லியே."

சொல்லி முடித்ததும் வாயை மூடினார். கொஞ்சம் தாமதம்.

"எந்த வருஷம் டாக்டர்?" லொரெய்ன் களைப்போடு கேட்டாள். "நாங்க வருஷமே சொல்லலியே. நோலனோட சண்டை போட்டது படத்துக்காகவும்தானா? போன மாசம்தான் அவர் கிடங்குல இருந்து மீட்டு வந்து மாட்டினார். எடுக்கப் போனீங்க. ஆணிதான் இருந்தது. அவர் ஒளிச்சு வச்சிருக்கார்னு நெனச்சீங்க. அவர் ஒளிக்கல டாக்டர். மஞ்சள் வீட்டுப் பொண்ணுங்க திருடிட்டாங்க."

டாக்டர் மெரிக் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். பல்கலைக்கழகத் தலைவர் நாற்காலி இல்லை. மடக்கு நாற்காலி.

மார்த்தா வோஸ் எழுந்து முன்னால் வந்தார். டாக்டரை உற்றுப் பார்த்தார். அவரால்தான் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

* * *

"படம் கைக்கு வந்தாத்தான் டோபியை இன்னிக்கே விட முடியும்" என்றார் ஹாஸ்கெட். "மாவட்ட அரசு வக்கீல் அப்படித்தான் சொல்றார். அந்தக் கிழவர் மூணாவது கோப்பையில இருக்கார். அவர் சாட்சி செல்லாதாம்."

மஞ்சள் வீட்டு வாசலில் தலைவி பெய்ஜ் நின்றாள். பின்னால் ஜன்னல்கள் எல்லாவற்றிலும் தலைகள்.

"படம் பத்திரமா இருக்கு சார்ஜென்ட். அந்த வரிசையிலேயே மோசமான கிராப்பெல்லாம் அந்த வருஷம்தான். அதான் அதை எடுத்தோம்."

"கொடும்மா."

"பாடினாத்தான்."

"இது கொலைக் கேஸ்மா. நான் போலீஸ்."

"அப்ப ஜட்ஜ்கிட்ட உத்தரவு வாங்கிட்டு வாங்க."

"ஜட்ஜ் மீன் பிடிக்கப் போயிருக்கார். திங்கட்கிழமைதான் வருவார்."

"டோபிக்காகத்தான் கேட்கறீங்கன்னு தெரியும் சார். எனக்கும் அவனைப் பிடிக்கும். ஆனா பாட்டு இல்லாம படம் திரும்பினதா இந்த வீட்டு வரலாத்துலயே இல்ல."

ஹாஸ்கெட் லொரெய்னைப் பார்த்தார். இத்தனை வருஷம் இந்தப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டியவள். ஒரு அதட்டல் போடுவாள் என்று எதிர்பார்த்தார்.

லொரெய்ன் புல்தரையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள்.

"பாடுங்க ட்வைட். எனக்கு அலுத்துப் போச்சு. பையன் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வெளிய வரணும்."

சார்ஜென்ட் ட்வைட் ஹாஸ்கெட் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார். தொண்டையைக் கனைத்தார். கண்ணை மூடினார்.

பாடினார்.

எதிர்வீட்டு நாய் எழுந்து உள்ளே போனது. ஜன்னல்களில் ஒவ்வொரு தலையாக மறைந்தது.

இரண்டாவது வரிக்குள் பெய்ஜ் படத்தைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடி வந்தாள்.

"போதும் சார்ஜென்ட், எடுத்துக்கிட்டுப் போங்க... ஒரே நாள்ல ரெண்டாவது கொலை வேணாம்."